கெடு

தீர்ப்பின் பதினோராம் பக்கத்தில்
அந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது.
விஷியேட்.

கிருஷ்ணகிரி கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையின் பின்னறையில்
பக்கத்துக்கு எண்பது ரூபாய்க்குத்
தமிழாக்குகிறவன் நான்.
இந்த ஒரு சொல்லுக்கே
அரை மணி போய்விட்டது.

காதில் விழுந்ததும் விஷம் என்று தோன்றும்.
விஷம் இல்லை. ஒட்டும் இல்லை உறவும் இல்லை.
தடித்த அகராதி லத்தீனுக்குக் கூட்டிப்போகிறது:
விட்டியம். குறை. ஊனம்.
ரோமாபுரியில் பறவை பறக்கும் திசை பார்த்துத்தான்
பதவிக்கு ஆள் வைத்தார்களாம்.
பார்த்த முறையில் பிசகு என்று பின்னால் தெரிந்தால்
ஜெயித்தவன் நாற்காலியை விட்டு இறங்கவேண்டும்.
அந்தப் பிசகுக்கும் விட்டியம் என்றே பேர்.
பல்லி சொன்னதற்குப் பயணத்தை நிறுத்துகிற நமக்கு
இது புரியாமல் போகுமா.

ஆனால் தமிழில் என்ன எழுத?
கெடுவதற்கு நம்மிடம் ஒரு சொல்லா இருக்கிறது?
பால் என்றால் திரியும். சோறு ஊசும்.
முறுக்கு நமுத்துப்போகும். எண்ணெய் காறும்.
அவசரத்தில் பழுத்த காய் வெம்பும்.
சம்மதம்
என்ன ஆகும்?

வாதி சாக்கம்மா, போச்சம்பள்ளிப் பக்கம்.
இரண்டேகால் ஏக்கர், பெங்களூரா மரம் நாற்பத்தொன்று.
கடன் பத்திரம் என்று சொல்லிக்
கிரயப் பத்திரத்தில் ரேகை வாங்கியிருக்கிறான் கொழுந்தன்.
மடியில் ஹெல்மெட்டோடு
ஜன்னலோரம் அவளே உட்கார்ந்திருக்கிறாள்.
"இன்னும் எத்தனை பக்கம் சார்?
கூழ் ஃபாக்டரியில வண்டி நிக்குது,
மூணு மணிக்குள்ள எடை போடணும்."
பக்கம் இல்லை, ஒரு சொல் என்றேன்.
அவள் வாட்ச்சைப் பார்த்தாள்.

மாங்கொட்டை வண்டு ஞாபகம் வந்தது.
பிஞ்சின் தோலில் முட்டை வைத்துவிட்டுப் போகும்.
துளை தூர்ந்துவிடும்.
காய் பருக்கும், மினுக்கும், மூக்கு வளையும், விலைக்கும் போகும்.
கொட்டையைப் பிளந்தால்தான்
கறுப்பாய் நடந்து வரும்.
நடுவில் வந்த அழுகல் இல்லை அது.
பூ உதிர்ந்த கையோடு குடியேறியது.
விஷியேட் இதுதான்.
ஆனால் தீர்ப்பில் வண்டு என்று எழுத முடியாது.

சரிபார்க்க மூலப் பத்திரத்தைப் புரட்டினேன்.
கடைசிப் பத்தி:
படித்துக் காட்டக் கேட்டு, உணர்ந்து,
மனப்பூர்வமாய்ச் சம்மதித்து.
புள்ளிகள் எல்லாம்
எழுத்தின் தலையை விட்டு அரை நெல் தள்ளி
விழுந்திருக்கின்றன.

அந்த மெஷின் எனக்குத் தெரியும்.
காவேரிப்பட்டணம், பத்திர எழுத்தர் அறை,
இருபத்திரண்டு வருஷம் முன்பு.
புள்ளிக் கட்டை வளைந்திருந்தது.
நாளைக்கு ஒன்பது பத்திரம் தட்டுவேன்.
யாருக்கும் எதையும் படித்துக் காட்டியதில்லை.
ஆள் வருவதற்கு முன்பே
அந்தப் பத்தி தயாராக இருக்கும்.

அவளுக்கு என்னைத் தெரியவில்லை.
ரேகை வைக்கிறவர்கள் விரலைத்தான் பார்ப்பார்கள்.

"வாதியின் சம்மதம் தொடக்கத்திலேயே பழுதுபட்டது;
ஆகவே கிரயம் செல்லாது" என்று அடித்தேன்.
பிறகு
முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன், சத்தமாக.
வண்டி நிக்குது சார் என்றாள்.
இருங்க என்றேன்.
பதினோராம் பக்கத்தில் நிறுத்தினாள்.
"பழுதுன்னா?"
பிஞ்சுலயே வண்டு வெச்ச காய்.
"அப்ப மரம் யாருக்கு?"
உங்களுக்குத்தான். அவர் அப்பீல் போக முப்பது நாள் கெடு.
முப்பதா என்று விரல் விட்டாள்,
ரேகை வைத்த அதே விரலிலிருந்து.

பதினான்கு பக்கம், ஆயிரத்து நூற்று இருபது.
எண்ணிக் கொடுத்தாள்.
வாங்கிக்கொண்டேன்.
"நல்லா படிக்கிறீங்க சார்" என்று
ஹெல்மெட்டை மாட்டினாள்.